மாதத்துக்கு ஓர் ஓலை

தென்னை மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். நல்ல பசளையும் தண்ணீரும் கண்ட மரமென்றால் வருடத்துக்கு 14. வாடிய மரத்தில் 12 வருவதே கடினம். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை பிறக்க வேண்டும். அந்தப் பாளை வெடித்து, குரும்பை பிடித்து, காய் முற்றிப் பறிக்க இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் போகும். குருத்து என்று நாம் வெளியே காண்கிற ஓலையும் நேற்று முளைத்ததன்று. மரத்தின் நடு நெஞ்சுக்குள் இரண்டு வருடங்களுக்கு மேலாக வளர்ந்துதான் வெளிச்சத்துக்கு வருகிறது. அதைத் தோரணத்துக்காக வெட்டுகிறோம். இரண்டாம் நாள் அது சருகு.

நான் முன்னேஸ்வரத்தில் குருத்தோலை வேலை செய்கிறவன். கோயில் திருவிழா, கல்யாணம், சாமத்திய வீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் தோரணம் பின்னிக் கட்டுவேன். புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். நாங்கள் இருப்பது அதன் கடலோரத்தில். சிலாபம் நகரிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் வயலும் குளமும் போக மீதியெல்லாம் தென்னைதான். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையமும் எங்கள் புத்தளம் மாவட்டத்திலேயே, தெற்கே லுணுவிலயில் இருக்கிறது. ஆனால் ஓலைக் கணக்கை எனக்கு விளங்க வைத்தவர் மரம் ஏறுகிற மாமா ஒருவர். நான் இளைஞனாக இருந்தபோது, கீழே நின்று "இன்னும் ரெண்டு குருத்து வெட்டுங்க மாமா" என்று கேட்டேன். அவர் மரத்தில் இருந்தபடியே சொன்னார்: "தம்பி, நீ கேக்கிறது ஓலை இல்ல, ரெண்டு மாசம்."

அந்தப் பேச்சிலிருந்துதான் என் பக்தி தொடங்கியது என்று நினைக்கிறேன். அதற்கு முன்பும் கோயிலுக்குப் போனேன், திருநீறு பூசினேன், தேவாரம் படித்தேன். ஆனால் காணிக்கை என்றால் நான் கொடுப்பது என்றே எண்ணியிருந்தேன். எங்கள் கோயிலின் முன்னைநாதருக்கும் வடிவாம்பிகைக்கும் நான் கட்டுகிற தோரணத்தில் என் பங்கு ஓர் இரவு வேலை மட்டும். மரத்தின் பங்கு வருடங்கள். இதை ஒருமுறை உணர்ந்தவன் கையில் எடுத்த ஓலையைச் சும்மா கிழித்துப் போட மாட்டான்.

காய்க்கிற மரத்தில் நான் குருத்துக் கேட்பதில்லை. வீடு கட்டவோ வீதி அகலிக்கவோ தறிக்கப்படப் போகிற மரம், வயது போய்க் காய்ப்பு நின்ற மரம், இவற்றையே முதலில் தேடுவேன். இப்படிப்பட்ட மரங்கள் எங்கே நிற்கின்றன என்று ஊரில் விசாரித்து வைத்திருப்பது என் வேலையில் ஒரு பகுதி. திருவிழாக் காலத்தில் அது போதாது. அப்போது ஊரவர்கள் நேர்த்தியாகத் தருகிற குருத்துகளை வாங்குவேன். ஒரு மரத்தில் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் வாங்க மாட்டேன். தென்னைக்குக் கிளை கிடையாது. வளர்கிற நுனி ஒன்றே ஒன்று. அதில் கத்தி பட்டால் மரமே போய்விடும். ஆகவே நெஞ்சுப் பகுதிக்கு நன்றாக மேலே, சாய்வாக வெட்டி இறக்க வேண்டும். வெட்டிய காயத்தின் வாசத்துக்குச் செவ்வண்டு வரும். அதனால் சாம்பலும் உப்பும் மணலும் கலந்து மட்டைக் கக்கங்களில் இட்டுவிட்டு இறங்கும்படி ஏறுகிறவரிடம் சொல்வேன். அவர் கேட்கிற கூலியில் நான் பேரம் பேசுவதில்லை. உயரத்தில் நின்று ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழிக்கிற மனிதனிடம் பேரம் பேசக் கூடாது.

எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா இருக்கிறார். தனி ஆள். வளவில் நிற்பது நாலைந்து மரங்கள். தேருக்கென்று வருடம் தவறாமல் ஒரு குருத்தைத் தருவார். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய நாள்களில், இந்த வருடம் வேண்டாம் அம்மா என்று நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அது நான் சாமிக்குச் சொன்னது. நீங்க யார் வேண்டாம் எண்டு சொல்ல?" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் குருத்தின் ஓலைகளைத் தேரின் முன்பக்கத் தோரணத்துக்கு வைத்தேன். எது யாருடைய குருத்து என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஒரு குருத்துக்குள் 200க்கு மேல் கீற்றுகள் இருக்கும். அவற்றையும் ஓலை என்றே சொல்வோம். நடுப்பகுதியில் இருப்பவை நீளமும் அகலமுமானவை. தோரணத்துக்கு அவைதான் ஏற்றவை. அடியிலும் நுனியிலும் உள்ள குட்டை ஓலைகளில் கிளி, பூ, சங்கிலி என்று சிறு வேலைகள் செய்யலாம். கழித்த ஈர்க்குகளைச் சேர்த்து விளக்குமாறு கட்டுவோம். நடுத்தண்டைப் பிளந்து பந்தலில் வளைவுக்கு வைப்போம். மிச்சத் துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி, முடிந்தவரை அதே மரத்தின் அடியில் கொண்டுபோய்ப் போடுவேன். வாங்கிய இடத்துக்குக் கொஞ்சமாவது திரும்பிப் போக வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இனி வேலையைச் சொல்கிறேன். குருத்தை இறக்கியதும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் கிடத்த வேண்டும். எங்கள் திருவிழா ஆகஸ்ட், செப்டெம்பரில் நாலு வாரம் நடக்கும். அந்தக் காலத்தில் கச்சான் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. கடலிலிருந்து உப்போடு வந்து ஓலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் பின்னுகிற வேலை எப்போதும் இரவில்தான். ஓலையைத் தண்டிலிருந்து உரித்து, ஈர்க்கோடு இரண்டாக மடித்து, சத்தகம் என்கிற சிறு கத்தியால் இதழில் கீறல் போட்டு, கீறிய நாக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் குருவித்தலை எழும்பும். கீறல் ஈர்க்கைத் தொட்டால் தலை நிற்காது. ஈர்க்கிலிருந்து வெகு தூரத்திலேயே கீறலை நிறுத்திவிட்டால் மடிப்பே வராது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அது ஓலைக்கு ஓலை மாறும். அளவுகோல் வைத்துச் சொல்லித்தர முடியாது. பின்னி முடிந்ததை, மாவிலையோடு மாற்றி மாற்றி, தும்புக் கயிற்றில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுவோம்.

ஓலையின் ஈரத்தைக் கைதான் அறிய வேண்டும். வெட்டிய உடனே மடித்தால் வெடிக்கும். சில மணி நேரம் கிடந்து தளர்ந்தால் சொன்னபடி வளையும். விடியும் வரை விட்டால் விறைத்து முறியும். அந்த நடுச் சில மணி நேரத்துக்காகக் காத்திருக்கப் பழக வேண்டும், வந்ததும் தவறவிடாமல் உட்கார்ந்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு கடுமையான சொல்லைச் சொல்ல வேண்டி வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஓலைதான் நினைவுக்கு வரும். கோபம் வந்த உடனே சொன்னால் வெடிக்கும். பிறகு பார்க்கலாம் என்று நாள் கடத்தினால் இரண்டு பக்கமும் விறைத்துப் போகும். சாப்பாடு முடிந்து, பாய் விரிக்கிற நேரத்தில் சொன்ன சொற்கள் எங்கள் வீட்டில் பெரும்பாலும் நன்றாகவே வளைந்திருக்கின்றன.

வெளியே அழகாகத் தெரிகிற குருத்து உள்ளே கெட்டிருப்பதும் உண்டு. காண்டாமிருக வண்டு இரவில் வந்து விரியாத குருத்தைக் குறுக்கே துளைத்து உண்ணும். வெளியே ஒரே ஒரு துளைதான் இருக்கும். ஓலைகள் உள்ளே அடுக்காக மடிந்து கிடப்பதால் அந்த ஒரு துளை அத்தனை ஓலையிலும் விழுந்துவிடும். விரிந்த பிறகு பார்த்தால் கத்தரியால் வெட்டினதாகவே தோன்றும். அந்த வண்டு பெருகுவது மக்கிய தென்னங்குற்றிகளிலும் எருக்குவியலிலும்தான். ஆகவே தோரண வேலையில் பாதி, வளவைத் துப்புரவாக வைத்திருப்பது. செத்த மரத்தை உடனே அப்புறப்படுத்துங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிவேன். திருவிழாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே திருவிழா வேலை தொடங்கிவிடுகிறது என்று இதனால்தான் சொல்கிறேன்.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் சரியைத் தொண்டுகளைச் சொல்கிறார். கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப் பறித்து மாலை கட்டுவது, விளக்கு ஏற்றுவது, நந்தவனம் வைப்பது என்று வரிசையாக வரும். எல்லாம் கைவேலை. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்கிற நான்கில் இது முதற்படி. முதற்படி என்றதும் இதைச் சிறியதாக எண்ணி, சீக்கிரம் கடந்துபோக வேண்டியதாகச் சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தாலும் அதற்குள் போவதற்கு இடம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தொண்டுகளின் வரிசையில் இன்னொன்றும் உண்டு. அடியவரைக் கண்டால், நான் செய்ய வேண்டிய பணி என்ன என்று வணங்கிக் கேட்பது. கூட்டலாம், மெழுகலாம், ஓலை பின்னலாம். எதிரே வருகிற மனிதனிடம் போய் அப்படிக் கேட்பதுதான் மிகக் கடினம். திருவிழாவில் வழி தெரியாமல் நிற்கிற முதியவர், குழந்தையைத் தவறவிட்ட தாய், தண்ணீர் எங்கே என்று சிங்களத்தில் கேட்கிற பெண், இவர்களைக் கண்டதும் கையில் இருக்கிற தோரணத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்ப எனக்கு நெடுங்காலம் பழக வேண்டியிருந்தது. வேலை பாதியில் நிற்கிறதே என்று மனம் இழுக்கும். இப்போதும் இழுக்கிறது. எழும்பிவிடுகிறேன்.

செத்தவீட்டு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கல்யாணத் தோரணத்தில் குருவித்தலை மேலே பார்க்கும். செத்தவீட்டுத் தோரணத்தில் கீழே பார்க்கும். ஓலையும் மடிப்பும் சத்தகமும் ஒன்றுதான். கோயில் வேலை செய்கிறவன் செத்தவீட்டு வேலைக்கு ஏன் போகிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. துடக்கு உண்டுதான். அங்கே போனால் முழுகி, உடுப்பு மாற்றி, அன்று கோயில் ஓலையைத் தொடாமல் இருப்பேன். அந்த ஒழுங்கை நான் மீறியதில்லை. போகாமல் இருந்ததும் இல்லை. ஒரு வீட்டின் மகிழ்ச்சிக்கு மட்டும் கை கொடுத்து, துக்கத்துக்குக் கையை மடக்கிக்கொள்வது சிவனுக்கு உகந்த வேலையாக எனக்குப் படவில்லை. சுடலையில் ஆடுகிறவர் என்றுதானே அவரைப் பாடுகிறோம்.

ஒரு வீட்டில் மகளின் கல்யாணத்துக்கு வாசலில் தோரணம் கட்டினேன். சில காலத்துக்குப் பிறகு அந்த மகளின் தகப்பனுடைய மரணத்துக்கு அதே வாசலுக்குப் போனேன். கல்யாணத்தன்று நான் அடித்த ஆணிகள் தூணில் அப்படியே இருந்தன. புதிதாக அடிக்கத் தேவைப்படவில்லை. அந்த ஆணிகளிலேயே, தலை கீழே பார்க்கக் கட்டினேன். மகள் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். ஆறுதல் சொல்ல எனக்குச் சொல் ஒன்றும் வரவில்லை. ஏணியைக் கொஞ்சம் பிடி பிள்ளை என்றேன். பிடித்தாள். கட்டி முடியும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய் அழுதாள். அதுவரை அவள் அழவில்லை என்று அவளுடைய சித்தி பின்னர் என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து செத்தவீட்டில் நான் பேசுவதை இன்னும் குறைத்துக்கொண்டேன். போனால் வீட்டுக்காரர் யாரையாவது ஒரு சிறு வேலைக்குக் கூப்பிடுவேன். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க, சத்தகத்தை எடுத்துத்தர, வாசல் நடு எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்ல. இழப்பில் உறைந்து நிற்கிறவர்களுக்குக் கையில் ஒன்றைக் கொடுப்பதுதான் நான் கண்ட ஆறுதல். திருவாசகம் பாடுகிறவர்கள் பிறகு வருவார்கள். கைவேலை செய்கிறவன் முதலில் வருகிறான்.

எங்கள் தலத்துக்குத் தேவாரப் பதிகம் கிடையாது. ஈழத்தில் பாடல் பெற்றவை திருக்கோணேஸ்வரமும் திருக்கேதீஸ்வரமும். பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்றாக இருந்தும் முன்னேஸ்வரத்துக்கு அந்தப் பேறு இல்லை. சிறுவயதில் இது எனக்குக் கவலையாக இருந்தது. எங்களுக்கு இருப்பது வேறு விதமான சாட்சிகள். கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. போர்த்துக்கேயர் 1578இல் ஒருமுறையும் பிறகு இன்னொருமுறையும் கோயிலை இடித்தார்கள். 1753இல் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் மறுபடி குடமுழுக்கு நடந்தது. இரண்டாம் இடிப்புக்கும் அந்தக் குடமுழுக்குக்கும் நடுவில் நூறு வருடங்களுக்கும் மேல். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடங்காத காலம். இடிந்ததைக் கண்ணால் கண்டவர் யாரும் குடமுழுக்கைக் கண்டிருக்க முடியாது.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கல்லை அடுக்கக் கண்டியிலிருந்து உத்தரவு வரலாம், சிற்பிகள் வரலாம். வாசலில் எந்த ஓலையை எப்படிக் கட்டுவது, எந்த நாளில் எந்தப் பொங்கல், ஆற்றுக்கு எந்த வழியாகப் போவது என்பதெல்லாம் ஊரிலேயே உயிரோடு இருந்திருக்க வேண்டும். பெரிய கோயில் இல்லாத காலத்தில் மரத்தடியிலும் வீட்டு வாசலிலும் யாரோ கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள் என்றே நம்புகிறேன். எழுத்தில் இதற்குச் சான்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. என் பெரியப்பாவுக்கு அவருடைய தகப்பன் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு அவருடைய மாமன் என்று சில படிகள் வரை பெயர் தெரியும். அதற்கு மேல் பெயர் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. பதிகம் இல்லையே என்கிற கவலை எனக்கு இப்போது இல்லை.

வடக்கே மானாவரியில் இராமர் மணலால் பிடித்து வைத்த இலிங்கம் இருப்பதாக எங்கள் ஐதிகம். இராவணனை வென்று திரும்பும்போது பிரமகத்தி தோஷம் பின்தொடர, முன்னேஸ்வரத்தில் இறங்கி வணங்கினார் என்றும், பிறகு மானாவரியில் பூசை செய்தார் என்றும் கதை. சக்கரவர்த்தி மகன் பூசைக்குக் கைக்கு எட்டிய மணலை எடுத்துக்கொண்டார் என்பது, இரண்டாம் நாள் வாடுகிற ஓலையில் வேலை செய்கிற எனக்குப் பெரிய தெம்பு. நிலைக்குமா என்று பார்த்து அவர் தொடங்கவில்லை.

எங்கள் வளாகத்தில் சிவன், பிள்ளையார், ஐயனார், காளி கோயில்களும் ஒரு பௌத்த விகாரையும் அருகருகே இருக்கின்றன. பத்திரகாளி கோயிலுக்கு நேர்த்தியாகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளையும் கோழிகளையும் 2011 செப்டெம்பரில் அமைச்சர் ஒருவர் ஆட்களோடு வந்து ஏற்றிப் போனார். 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பலிக்குத் தடை விதித்தது. பலி நின்றதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அன்று நேர்த்தி வைத்து வந்தவர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசிய பேச்சு எனக்கு வலித்தது. பிள்ளைக்கு வருத்தம் மாற வேண்டும் என்று மாதக்கணக்காகக் கோழி வளர்த்துக் கொண்டுவந்த ஒரு தாயை மிருகம் என்று திட்டுவதற்கு, காணிக்கைக்காகத் தங்களிடமிருந்து ஒன்றையும் இழக்காதவர்களுக்கு உரிமை இருக்கிறதா? அந்தத் தடைக்குப் பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன்: நான் வெட்டுவதும் உயிருள்ள ஒன்றைத்தானே. மரம் கத்தாது, அவ்வளவுதான். குருத்துகளின் எண்ணிக்கையை அதன் பிறகு இன்னும் குறைத்தேன். முன்பு தோரணத்தை இரட்டை வரிசையாகக் கட்டிய இடங்களில் இப்போது ஒற்றை வரிசை. நடுவில் மாவிலை கூடியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

திருவிழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் சிங்கள பௌத்தர்கள். அவர்களுக்கும் குருத்தோலை பழக்கமானது. பிரித் ஓதும் மண்டபத்தையும் கல்யாணப் பந்தலையும் செத்தவீட்டு வழியையும் அவர்கள் குருத்தோலையால்தான் அலங்கரிக்கிறார்கள். குருநாகல் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மூத்த கைவினைஞர் என்னை "மல்லி", அதாவது தம்பி, என்று கூப்பிடுவார். நான் அவரை "அய்யே", அண்ணா, என்பேன். அவருடைய பின்னலில் இருக்கிற நுணுக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரே ஓலையைச் சல்லடையாகக் கீறி, விரித்துத் திரைச்சீலையாகத் தொங்கவிடுவார். அதை எனக்குக் காட்டித்தந்தார். எங்கள் குருவித்தலையை நான் அவருக்குக் காட்டினேன். இருவரும் திண்ணையில் அமர்ந்து மணிக்கணக்காகப் பின்னுவோம், பேச்சு குறைவுதான். என் சிங்களம் சந்தைச் சிங்களம், அவருக்குத் தமிழ் தெரியாது. நாட்டில் எத்தனையோ கெட்ட வருடங்கள் போயின. கொரோனா ஊரடங்கு வருடத்தைத் தவிர அவர் வராமல் இருந்ததில்லை.

சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் ஒருகாலத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறைக்குள் முழுக்கச் சிங்களத்துக்கு மாறிவிட்டன. அப்படி ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலை கட்டப் போயிருந்தேன். வீட்டில் யாருக்கும் தமிழ் வராது. உதவிக்கு வந்த பையன் கயிற்றைத் தலைகீழாகப் பிடித்துவிட்டான். திண்ணையில் இருந்த ஆச்சி பதறி எழுந்து, தலை மேலே, தலை மேலே என்று சிங்களத்தில் சத்தமிட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து அமர்ந்து, தன் அம்மா ஓலை பின்னுவாள் என்று சொல்லி, ஓர் ஓலையைக் கேட்டு வாங்கினார். மடித்தார். குருவித்தலை வந்தது.

2021 ஆகஸ்ட் 20ஆம் திகதியிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு. திருவிழாக் காலம். சனத்தோடு தெதுறு ஓயாவுக்குத் தீர்த்தம் ஆடப் போக வழியில்லை. நான் என் வீட்டு வாசலுக்குக் கட்டினேன், வழக்கமான அளவில், வழக்கமான நேர்த்தியோடு. யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரி கேட்டாள். அவளும் உட்கார்ந்து மாவிலை அடுக்கித் தந்தாள். ஆள் வராத வாசலுக்குக் கட்டும்போது என் கை வேகம் குறைந்து, மடிப்பு இன்னும் சுத்தமாக வந்ததைக் கண்டேன். மற்ற நாள்களில் என் கண்ணில் ஒரு பகுதி பார்க்கிறவர்களின் முகத்தில் இருந்திருக்கிறது என்று அப்போது விளங்கியது. இப்போது கூட்டத்துக்கு நடுவில் கட்டும்போதும் அந்த வருடத்து வாசலை நினைத்துக்கொண்டே கட்டுகிறேன்.

கடைகளில் பிளாஸ்டிக் தோரணம் வந்து கனகாலம். ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் கட்டலாம் என்று விற்கிறார்கள். 2023 ஒக்டோபர் 1 முதல் அரசாங்கம் தடை செய்த ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் மாலையும் இருந்தது, இடியப்பத் தட்டும் இருந்தது. மாலையைச் சேர்த்ததற்கு நான் நன்றி சொல்கிறேன். தோரணத்தையும் ஒருநாள் சேர்க்கட்டும். வாடாத தோரணத்தை யாரும் கழற்றுவதில்லை. கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அந்த வீட்டில் சாவும் விழுந்த பிறகும் மங்கலத் தோரணம் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருக்கிறதைக் கண்டிருக்கிறேன். ஓலை வாடுவதால்தான் அடுத்த நாளுக்கு மறுபடி ஒருவர் ஏணியில் ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஏறுதலை நிறுத்திவிட்டால் வாசலைப் பற்றி நினைக்கிற ஆளே வீட்டில் இல்லாமல் போய்விடும்.

இப்போது சில பிள்ளைகள் பழக வருகிறார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும். முன்பு பெண்கள் கோயில் தோரணத்துக்கு இருந்ததில்லை, எங்கள் வீட்டில் இருக்கிறார்கள், மடிப்பு அவர்களுக்கே சீக்கிரம் வருகிறது. பலர் யூடியூப்பில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது நல்லதே. எங்கள் பக்கத்தில் இல்லாத மலையாளத்து வடிவங்களையும் தஞ்சாவூர்ப் பக்கத்து வடிவங்களையும் அவர்கள் எனக்குக் காட்டுகிறார்கள். முதல் நாள் நான் சத்தகத்தைக் கொடுப்பதில்லை. குருத்து இறக்குகிற மரத்தடிக்குக் கூட்டிப் போவேன். ஏறுகிறவர் வெட்டுகிற சத்தத்தைக் கேட்கட்டும், குருத்து இறங்குகிற பாரத்தைக் கையில் வாங்கட்டும். வாங்கினவர்கள் அன்று முழுக்க மெதுவாகவே பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரப் பூசை முடிந்த பிறகு விறாந்தையில் விளக்கைப் போட்டு உட்காருவோம். கட்டணம் இல்லை. எந்தச் சமயத்தவரும், எந்த மொழி பேசுகிறவரும் வரலாம். சத்தகமும் ஓலையும் நான் தருவேன். வருகிற பிள்ளை, தன் வீட்டு வளவில் ஒரு தென்னங்கன்று நட இடம் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். கன்றும் நானே தருவேன். அது காய்க்க ஆறு ஏழு வருடம் செல்லும். அதில் குருத்து வெட்ட மாட்டோம் என்று மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம்.